அத்தை கலக்கிய சீனித் தண்ணீர்

சீனித் தண்ணீரைப் படம் பிடிக்கிற டீச்சர் என்று தென்காசியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் வைத்தவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். அவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணம், காதுகுத்து என்று ஊரே அவருடைய பெரிய கேமராவுக்கு முன்னால் வந்து உட்காரும். நானோ அதே கேமராவை ஒரு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அசையாத தண்ணீரை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"கல்லு மாதிரி இருக்க மாப்பிள்ளையக்கூட நான் சிரிக்க வச்சிருதேன். இத எப்படிச் சிரிக்க வைக்கப் போற?" என்பார்.

சிரிக்க வேண்டாம். எனக்கு அது அசையாமல் இருந்தால் போதும். அந்தத் தண்ணீரை வைத்துத்தான் என் வாழ்க்கையில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

ஐம்பதுகளின் கடைசி அது. சென்னையில் ஒரு பேராசிரியர் இருந்தார். என்னை ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா, வேலையை விடாமல் தென்காசியிலிருந்தே செய்ய முடியுமா என்று அவருக்கு எழுதிக் கேட்டிருந்தேன். அவர் மறுக்கவில்லை. உங்களிடம் இருக்கிற சாமான்களை வைத்து ஓர் அளவை எடுத்து அனுப்புங்கள், அது நம்புகிற மாதிரி இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டார். என்னிடம் இருந்த சாமான் ஒரு கேமரா, வீட்டுக்காரர் படத்துக்குச் சட்டம் போட வைத்திருந்த கண்ணாடி, பள்ளிக்கூடத்து ரப்பர்க் குழாய், சமையலறைச் சீனி. போதாதா என்ன?

செய்முறை எளிது. வெள்ளைத் தாளில் சாய்வாக ஒரு கறுப்புக் கோடு. தாளுக்குப் பின்னால் ஒரு பல்பு. தாளுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளிக் கண்ணாடித் தொட்டி. அதற்கும் இந்தப் பக்கம் கேமரா. முதலில் தொட்டியில் பாதி தண்ணீரை ஊற்ற வேண்டும். பிறகு குழாயை அடிவரை விட்டு, அதன் வழியே சீனிப் பாகை மெதுவாக இறக்க வேண்டும். பாகு கீழேயும் தண்ணீர் மேலேயும் கலக்காமல் நிற்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒளி பாகு இருக்கிற பக்கமாக வளையும். கேமராவில் பார்த்தால் அந்த நேர்க்கோடு நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். எங்கே எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று படத்தில் அளந்துவிட்டால், ஒளி எங்கே எவ்வளவு வளைந்தது, சீனி எவ்வளவு வேகமாக மேலே ஏறுகிறது என்பதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

நாள் போகப் போகச் சீனி பரவும். வயிறு குட்டையாகி அகலும். ஆனால் அதன் பரப்பு மட்டும் மாறக் கூடாது. மேலே வெறும் தண்ணீர், அடியில் பாகு. நடுவில் அது மெல்ல மாறினாலும் சட்டென்று மாறினாலும் மொத்த வித்தியாசம் ஒன்றுதானே. ஆகவே முதல் நாள் வயிறும் மூன்றாம் நாள் வயிறும் ஒரே பரப்பாக வந்தால் அளவு சரி. வராவிட்டால் எங்கேயோ கோளாறு.

பரப்பைப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. படத்தைப் பெரிதாக்கி, வயிற்றை மட்டும் கத்தரித்து, தராசில் போட வேண்டியதுதான். ஒரே தாள் என்பதால் எடை ஒன்றானால் பரப்பும் ஒன்று. தெருக்கோடியில் நகை செய்கிற ஆசாரி தன் கைத்தராசை ஒரு மரப்பெட்டியோடு கொடுத்துவிட்டு, "டீச்சர், தங்கத்தத் தவிர எதையும் இதுல நிறுத்ததில்ல. பாத்துக்கிடுங்க" என்றார்.

சீசன் தொடங்கிய வாரத்தில் முதல் தடவை எடுத்தேன். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் வீட்டுக்காரர் அருவிக்கரையில் ஒரு தட்டி மறைப்பைக் கட்டிக்கொண்டு, சின்னக் கேமராவோடு அங்கே போய்விடுவார். குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு உடனே படம் எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஸ்டூடியோவும் பெரிய கேமராவும் எனக்கு வந்துவிடும். சாரல் நாளில் அந்த அறை காலையிலும் மாலையிலும் ஒரே குளிர்ச்சியாக இருக்கும், அது இந்த வேலைக்கு ரொம்ப முக்கியம். தெருவில் வண்டி போனால் தொட்டி ஆடக் கூடாதே என்று சமையலறை அம்மியை இரண்டு ஆள் வைத்துத் தூக்கிவரச் செய்து, அதன்மேல் தொட்டியை மெழுகு வைத்து ஒட்டினேன். கேமராக் கால்களுக்குத் தரையில் சுண்ணாம்புக் குறி போட்டேன். அன்றோடு எங்கள் வீட்டில் துவையல் நின்றது.

மூன்று நாள், மூன்று படம். கோடும் வயிறும் அத்தனை தெளிவாக விழுந்திருந்தன. ஆனால் கத்தரித்து நிறுத்தபோது மூன்றாம் நாள் வயிறு எடை குறைவாக இருந்தது. தராசின் கோளாறாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு படப் பிரதிகளையும் கணக்கையும் சென்னைக்கு அனுப்பிவிட்டேன். அதுதான் என் குணம். முடித்துவிட்ட வேலையைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

பதில் வந்தது. படங்கள் அழகாக இருக்கின்றன, அளவுகளை நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார். ஆடியில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறாராம். வெள்ளிக்கிழமை ரயிலேறுவதற்குள் நம்பும்படியான அளவோடு வந்தால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவாராம். ஊருக்குத் திரும்பியதும் அந்த வருஷத்து மாணவர் பட்டியல் முடிந்துவிடுமாம்.

எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழித்திருப்பேன். வீட்டுக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, "படம் அழகா இருக்குன்னு எழுதியிருக்காருல்லா. கேமரா நம்மளுது" என்று அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு அது நற்சான்றிதழ்.

மறுபடி எடுப்பது என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை இன்னும் கவனமாகப் பாகு இறக்கி, திங்கள் மத்தியானம் முதல் படம், செவ்வாய் மத்தியானம் இரண்டாவது படம். புதன் மத்தியானம் எடுத்துவிட்டால் வியாழன் முழுதும் கணக்குப் போடலாம், வெள்ளி காலையில் கொண்டுபோய்க் காட்டலாம்.

தென்காசியில் வீடு இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆடிச் சாரல் விழுந்ததென்றால் உலகத்தில் உள்ள உறவெல்லாம் நமக்கு உறவு. கடிதம் போட மாட்டார்கள், துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்து இறங்குவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புளியங்குடியிலிருந்து அத்தை வந்தாள், மாமாவும் மாமாவின் இரண்டு தங்கைகளும் கூட. அத்தை என்றால் என் மாமனாரின் உடன்பிறந்தவள். ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். வாட்டசாட்டமான உடம்பு, ஓயாத கை. எந்த வீட்டுக்குப் போனாலும் பத்து நிமிஷத்தில் அடுப்படியைத் தன்வசம் எடுத்துக்கொள்வாள். ஒரு சாக்கு எலுமிச்சம்பழமும் அவளோடு இறங்கியது.

வந்தவர்களை வரிசையாக நிறுத்தாத குறையாகச் சொன்னேன். "அந்த ரூம்ல ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கு. யாரும் ஆட்டக் கூடாது, நகட்டக் கூடாது."

"நாங்க எதுக்கு ஆட்டப் போறோம்?" என்றாள் அத்தை.

கதவைச் சாத்தினேன். பூட்டத்தான் முடியவில்லை. பூட்டு அருவிக்கரை மறைப்புக்குப் போயிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடிவந்தேன். அடுப்படியில் அத்தை எலுமிச்சம்பழத்தை வரிசையாக அறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆறு டம்ளர். என்னைப் பார்த்ததும் முகம் நிறையச் சிரிப்பு.

"வா. அருவியில தண்ணி நல்லா விழுது, குளிச்சிட்டு வந்தோம். எல்லாத்துக்கும் சர்பத் போடுதேன். நீ பாகு காச்சி வச்சது நல்லதாப் போச்சு."

"எந்தப் பாகு?"

"அம்மி மேல வச்சிருந்தியே. மசால் அரைக்க அம்மியத் தேடுனேன், அங்கன கெடந்துச்சு. சீனி பூராவும் அடியில தங்கிட்டு, மேல வெறும் தண்ணியா நிக்கி. நல்லாக் கலக்கி விட்டிருக்கேன். இனிமே மோந்து ஊத்த வேண்டியதுதான்."

ஓடிப் போய்ப் பார்த்தேன். தொட்டி இடம் மாறவில்லை. மெழுகு விடவில்லை. உள்ளே ஒரு நீளக் கரண்டி சாய்ந்து நின்றது. இரண்டு நாளாக மூச்சுக்கூட விடாமல் நான் காத்த பாகும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து, மேலிருந்து கீழே வரை ஒரே தெளிவாக இருந்தன. மறுபடி பாகு இறக்கி மூன்று நாள் காக்க வேண்டும். பேராசிரியர் வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறார்.

நான் கத்தினேன். மூத்தவள், விருந்தாளி, புருஷன் வீட்டு அத்தை என்று எதுவும் பார்க்கவில்லை. யார் கலக்கச் சொன்னது, ஆட்டக் கூடாதென்று சொன்னேனே, காது கேட்காதா, என் படிப்பைக் கெடுக்கத்தான் புளியங்குடியிலிருந்து வந்தீர்களா என்று என்னென்னவோ பேசினேன். மாமாவின் தங்கைகள் முற்றத்தில் ஈரச் சேலையைப் பிழிந்தபடியே நின்றுவிட்டார்கள்.

அத்தைக்கு முகம் செத்துப் போயிற்று. ஆனாலும் நியாயத்தை விடவில்லை. "ஏட்டி, நான் ஆட்டவே இல்லியே. கலக்கத்தான செஞ்சேன்?"

ஸ்டூடியோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் மட்டும் பாக்கி இருந்தது. கேமராவில் மூன்றாம் படத்துக்கான பிளேட் காலையிலேயே போட்டு வைத்தது. எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன? எடுத்தேன். என் வேலை பாழாய்ப் போனதற்கு ஒரு சாட்சி இருக்கட்டும் என்ற வீம்பு. கரண்டியை எடுத்துவிட்டு, தண்ணீர் அசைவு நிற்கும்வரை காத்திருந்து, வழக்கமான நேரக் கணக்கில் மூடியைத் திறந்து மூடினேன். இருட்டறைக்குப் போய்க் கழுவினேன்.

நன்றாகக் கலந்த தண்ணீரில் ஒளி எங்கேயும் வளையாது. ஆகவே கோடு வயிறில்லாமல் நேராக விழுந்திருக்க வேண்டும். ஈர பிளேட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அதன்மேல் ஸ்கேலை வைத்தேன். நடுவில் வயிறு இல்லை. ஆனால் கொஞ்சம் மேலே, ஓர் அங்குல நீளத்துக்குக் கோடு உள்பக்கமாக ஒடுங்கியிருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒடுக்கம் ஒடுக்கம்தான்.

அங்கே சீனியின் வேலை ஒன்றும் இல்லை. பின்னே யார் வளைக்கிறார்கள்? தொட்டிக்கு ஓடி, கோடு போட்ட தாள் ஒன்றைப் பின்னால் பிடித்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். சட்டக் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு சுழி இருந்தது, நேராகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. முதல் தடவை எடுத்த படங்களிலும் அதே தொட்டி, அதே அம்மி, அதே சுண்ணாம்புக் குறி. முதல் நாள் வயிறு ஒல்லி, அது சுழிக்குக் கீழேயே முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் வயிறு அகன்று சுழி இருக்கிற இடத்துக்குள் போயிருக்கிறது. அங்கே கண்ணாடி கோட்டை எதிர்ப்பக்கம் தள்ளி, வயிற்றில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டது. நானோ ஸ்கேலை வைத்து ஒரு நேர்க்கோடு போட்டு, அதிலிருந்து வயிற்றைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். நேர்க்கோட்டிலிருந்து கத்தரிக்கக் கூடாது. சீனியே வளைக்காதபோது என் தொட்டி காட்டுகிற கோடு எதுவோ, அதிலிருந்துதான் கத்தரிக்க வேண்டும். அந்தக் கோடு இப்போது என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் நம்ப முடியவில்லை என்று எழுதிய அதே பிளேட்டுகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன. புதிதாக எதுவும் எடுக்க வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் முதல் நாள் பிளேட், மூன்றாம் நாள் பிளேட், கலக்கிய பிளேட் மூன்றையும் ஒரே அளவில் பெரிதாக்கித் தரச் சொன்னேன். வியாழக்கிழமை கலக்கிய கோட்டை மற்ற இரண்டின்மேலும் வைத்து வரைந்து, இரண்டு வயிற்றையும் நகவெட்டுக் கத்தரிக்கோலால் கத்தரித்தேன். தராசில் போடப் பயமாக இருந்தது. போடாமலே இரண்டையும் ஒரே பவுடர் டப்பாவில் வைத்து மூடினேன். சாரலில் தாள் ஈரம் குடிக்கும். குடித்தால் இரண்டும் ஒன்றாகக் குடிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்படும்போது அத்தை வாசலில் சேலை மாற்றி நின்றாள். புதன்கிழமைக்குப் பிறகு நாங்கள் முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை.

"நானும் வாரேன். தப்பு என் பேர்லதான்னு அந்தப் பெரியவர்ட்ட நானே சொல்லுதேன்."

அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் எண்ணெய்த் தலைகளுக்கு நடுவே மடியில் தராசுப் பெட்டியை வைத்துக்கொண்டு, பேராசிரியர் கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். கண்ணாடிமேல் எனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது, ஆகவே சீரான கரைசலை வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். நல்ல இங்கிலீஷில் அழகாக வந்தது.

பேராசிரியரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர் தங்கியிருந்த பங்களாத் தாழ்வாரத்தில், இடுப்பில் ஒரு துண்டோடு, தலையிலிருந்து கால்வரை எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார். ரயிலுக்கு முன்னால் கடைசிக் குளியலாம். எழுந்துகொள்ளப் போனவர் கைகளைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"எண்ணெய்க் கை. எதையும் தொட மாட்டேன். நீங்களே காட்டுங்க."

மூன்று படங்களையும் அவர் முன்னால் விரித்தேன். கலக்கிய படத்தில் அவர் பார்வை நின்றது. ஒடுக்கம் இருந்த இடத்துக்கு நேரே மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "நிறுங்க" என்றார்.

சாரல் காற்றுக்குப் பயந்து அறைக்குள் போய் ஜன்னல்களைச் சாத்தினோம். தராசுக் கயிற்றை நான் பிடித்தால் தட்டுகள் ஆடிக்கொண்டே இருந்தன. அத்தை அதை வாங்கிக்கொண்டாள். "இங்க கொண்டா. நாங்க யாவார வீட்டுக்காரங்க." தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். அந்தக் கை துளி அசையவில்லை. முதல் நாள் வயிற்றை ஒரு தட்டிலும் மூன்றாம் நாள் வயிற்றை மறு தட்டிலும் வைத்தேன். முள் ஒரு பக்கம் போயிற்று. என் உயிரும் கூடப் போயிற்று. பிறகு மறு பக்கம் வந்தது. திரும்பப் போனது, வந்தது, நடுவில் நின்றது.

"மாத்தி வைங்க" என்றார் பேராசிரியர்.

தட்டு மாற்றி வைத்தேன். முள் நடுவில் நின்றது.

அவர் முள்ளிலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டார். "கலக்கிட்டு ஒரு படம் எடுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவள் கயிற்றை இன்னும் கீழே இறக்கவில்லை. நான் சொன்னால்தான் இறக்குவாள் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தோணலை சார்" என்றேன். "இவங்க சர்பத்துன்னு நினைச்சுக் கலக்கிட்டாங்க. நான் கோபத்துல படம் எடுத்தேன். அதுக்குப் பிறகுதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. போன தடவை எடை குறைஞ்சதும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தராசுமேல பழியைப் போட்டு அனுப்பிட்டேன்."

அவர் அத்தையைப் பார்த்தார். "ஏம்மா கலக்குனீங்க?"

"சீனி அடியில தங்கிட்டுன்னா கலக்காம என்னய்யா செய்ய?"

அவர் சிரித்த சிரிப்பில் எண்ணெய் தரையில் சொட்டியது. உள்ளே போய்க் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு, பேனாவோடு வந்தார். விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினார்.

"நம்ப முடியலைன்னு எழுதியிருந்தேன் இல்லையா? இப்ப நம்பறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தோம். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. விண்ணப்பத்தையும் தராசையும் அருவிக்கரையில் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் அருவிக்குள் போனேன். தண்ணீர் தலையில் அடிக்க அடிக்க, ஜெயித்துவிட்டேன் ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுக் கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது.

கரையேறித் தலையைத் துவட்டும்போது சொன்னேன். "அத்தை, புதன்கிழமை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு."

"தப்புதான்" என்றாள் அத்தை, கூசாமல். சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "சரி, காரியம் முடிஞ்சிட்டுல்லா. இனிமே அந்த அம்மியத் தா. ஒரு துவையல் அரைக்கணும்."

"தர முடியாது. இன்னும் மூணு வருஷம் வேலை இருக்கு."

மூன்று வருஷமும் அம்மி ஸ்டூடியோவில்தான் கிடந்தது. தொட்டியில் உப்பு, வெல்லம், கிளிசரின் என்று என்னென்னவோ மாறியது. ஒவ்வொரு ஆடியிலும் புளியங்குடிக்குக் கடிதம் போடுவேன். அத்தை எலுமிச்சம்பழச் சாக்கோடு வந்து, நான் சொன்ன நாளில், நான் சொன்ன நேரத்தில் கரண்டியை எடுத்துக் கலக்கிவிடுவாள். அந்தக் கரண்டியை வேறு யாரையும் நான் தொட விட்டதில்லை.